செயின் செட் ஏன் சீக்கிரம் போகுது? மதுரைச் சுத்துவட்டார அனுபவங்கள்

ஒத்தக்கடை:

பைக்கோட செயினும் முன், பின் ஸ்ப்ராக்கெட்டும் (பல்சக்கரம்) சேந்ததுதான் செயின் செட். ஒரே வண்டி, ஒரே கம்பெனி செட். ஒருத்தருக்கு வருஷக்கணக்கா உழைக்குது, இன்னொருத்தருக்கு அதுல பாதிக்கூட வர்றதில்லை. ஓடுன தூரத்தை விட, உள்ளே போன மண்ணும் தப்பா இறுக்குனதும்தான் பெரும்பாலும் காரணம். அவங்கவங்க பக்கத்துல பாத்ததை ஊர்ப் பேரோட போடுங்க. கதை வேண்டாம், விவரம் போதும்.

தேய்மானம் அளக்குற முறையை நான் சொல்லிடுறேன். நம்ம 100, 125 சிசி வண்டியில பெரும்பாலும் 428-ங்கிற அளவுச் செயின்தான். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மி.மீ. கீழ்ப்பக்கச் செயினை விறைப்பா வச்சு, முதல் பின்னுல இருந்து 21-வது பின் வரைக்கும் அளந்தா புதுச் செயின்ல 254 மி.மீ. வரணும். 259-ஐத் தொட்டுட்டா ரெண்டு சதவீதம் கூடிப்போச்சு, மாத்திருங்க. தகடு நீண்டு போறதால இப்படி ஆகுறதில்லை. பின்னும் அதைச் சுத்தியிருக்குற புஷ்ஷும் தேஞ்சு கண்ணிக்குக் கண்ணி ஆட்டம் கூடுறதுதான். டேப் கையில இல்லாட்டி, பின் ஸ்ப்ராக்கெட்டோட பின்பக்கம் செயினைப் பிடிச்சு வெளிய இழுங்க. பாதிப் பல்லு தெரிஞ்சா அந்தச் செட் முடிஞ்சது.

டி.கல்லுப்பட்டி:

எங்க பக்கம் கரிசல் மண்ணு. மழை பெஞ்சா டயர்ல ஏறி, மட்கார்டை அடைச்சு, செயின் கவருக்குள்ளயும் போயிரும். மூடுன கவர் இருக்கேன்னு நெனைச்சு விடுறதுதான் இங்க நடக்குற பெரிய தப்பு. வெளிய இருந்து வர்ற மண்ணைக் கவர் ஓரளவு தடுக்கும், உள்ள போனதையும் அதேதான் வெளிய விடாது. பழைய எண்ணெயும் கரிசலும் சேந்து கெட்டிக் குழம்பாகி, செயின் சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் புஷ்ஷு மேல சுத்துற ரோலரை அம்மியில வச்ச மாதிரி அரைச்சுக்கிட்டே இருக்கும். கவர்ல இருக்குற ரப்பர் மூடியைக் கழட்டி விரலை விட்டுப் பாருங்க. விரல்ல வர்றது நறநறன்னு இருந்தா, மேல எண்ணெய் ஊத்திப் புண்ணியமில்லை. கவரைக் கழட்டித்தான் ஆகணும்.

இன்னொண்ணு, சேறு காயுறதுக்குள்ள சாதாரண ட்யூப் தண்ணியில அடிச்சு விட்டுருங்க. காஞ்ச கரிசலைக் குச்சி வச்சுச் சுரண்டணும். அதுக்காக வாட்டர் வாஷ் கன்னைச் செயினுக்கும் வீல் பேரிங்குக்கும் நேரா பிடிக்கக் கூடாது. அந்த அழுத்தம் மண்ணைக் கண்ணிக்குள்ளயே தள்ளிரும், இருக்குற எண்ணெயையும் எடுத்துரும்.

திருப்பரங்குன்றம்:

பட்டறை வேலை பாக்குறவன்ங்கிற முறையில சொல்றேன். தளந்த செயினை விட முறுக்குக் கம்பி மாதிரி இறுக்குன செயின்தான் செலவு வைக்குது. வண்டியில ரெண்டு பேர் உக்காந்து பள்ளத்துல இறங்கும்போது பின் வீலைத் தாங்குற சுவிங் ஆர்ம் மேல ஏறும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல தூரம் கூடும், செயின் இன்னும் இறுகும். நிறுத்தி வச்சபோதே ஆட்டம் இல்லாத செயின் அப்ப எங்க போகும்? ஷாஃப்ட் பேரிங்கை இழுக்கும். சின்ன ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாடி ஆயில் கசிஞ்சா, சீலை மட்டும் மாத்திட்டு அனுப்பாம செயின் இறுக்கத்தையும் பாருங்க தம்பிகளா.

செய்முறை: இஞ்சின் ஆஃப், சென்டர் ஸ்டாண்டு, நியூட்ரல். கீழ்ச்செயினோட நடுவுல விரலால மேலயும் கீழயும் தள்ளிப் பாருங்க. ஆட்டம் 20-லிருந்து 30 மி.மீ. வரைக்கும் இருக்குறது தினசரி ஓட்டுற நெறைய கம்யூட்டர் வண்டிக்குச் சரி. உங்க வண்டிப் புத்தகத்துல போட்டிருக்குற அளவுதான் கடைசிப் பேச்சு. ஒரே இடத்துல பாத்துட்டு விடாதீங்க. வீலைச் சுத்தி நாலஞ்சு இடத்துல பாத்தா ஒரு இடம் மத்ததை விட இறுக்கமா இருக்கும். அந்த இடத்துலதான் அளவு வைக்கணும்.

ஆக்சில் நட்டைத் தளத்துங்க. சில வண்டியில செயின் பக்கம் ஸ்லீவ் நட்டு தனியா இருக்கும், அதையும் தளத்தாம அட்ஜஸ்டரைத் திருகுனா வீல் கோணிக்கும். ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுத்து, கால் சுத்தா சமமா திருகணும். சுவிங் ஆர்ம்ல இருக்குற கோடு ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வரணும். வீல் கோணலா இருந்தா ஸ்ப்ராக்கெட் பல்லோட ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்சு காட்டிக் குடுத்துரும்.

இதுல நெறைய பேர் விடுறது பிரேக். வீல் பின்னாடி நகந்தா டிரம் பிரேக் ராடு இழுபட்டு ஷூ உரசும். கடைசியில பெடல் ஆட்டத்தைத் திரும்ப வச்சு, வீல் தடங்கலில்லாமச் சுத்துதான்னு பாருங்க. பிரேக் லைட் சுவிட்சையும் பாத்துக்கங்க. பிரேக் பிளேட்டு சுத்தாமப் பிடிக்கிற டார்க் ஆர்ம் போல்ட்டைக் கழட்டியிருந்தா, இறுக்கி, நட்டு கழலாமத் தடுக்குற ஸ்பிளிட் பின் மாட்டாம வண்டியை ரோட்டுல இறக்காதீங்க.

மேலூர்:

எங்களுக்குச் சேறு கிடையாது, கல்தூசிதான். கிரானைட் தூசி பறக்குற ரோட்டுல கிரீஸ் தடவுன செயின் ரெண்டு நாள்ல வெள்ளையாயிரும். கிரீஸ் மேல நிக்குமே தவிர ரோலருக்குள்ள இறங்காது. கழிவு ஆயிலும் வேண்டாம். அதுல ஏற்கெனவே கரியும் இரும்புத் தூளும் கெடக்கு. மண்ணெண்ணெய்ல நனைச்ச துணி, மெத்துன்னு பிரஷ், நல்லாத் துடைச்சுக் காயவிட்டு 90 கியர் ஆயில் (90-ங்கிறது ஆயிலோட கெட்டித்தன்மை எண்). 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை போதும், மழையில நனைஞ்சா அன்னைக்கே. ஓட்டி வந்த சூட்டோட, செயினோட உள்பக்கத்துல சொட்டுச் சொட்டா விட்டு வீலைக் கையால சுத்தணும். அரை மணி நேரம் விட்டு மிச்சத்தைத் துடைச்சிரணும், இல்லாட்டி தூசி ஒட்டும்.

இஞ்சினை ஓடவிட்டுக் கியர்ல போட்டுத் துடைக்கிறதைச் சில இடத்துல இன்னும் பாக்குறேன். துணியோட விரலும் உள்ள போயிரும் அண்ணே. கண்டா சத்தம் போட்டு நிறுத்துங்க.

ஓ-ரிங் செயினா இருந்தா பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகவே ஆகாது. உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவுல மெல்லிசா கருப்பு ரப்பர் வளையம் தெரியும், அதுதான் அடையாளம். அந்த ரப்பர் போச்சுன்னா உள்ள அடைச்சிருக்குற கிரீஸும் போச்சு.

சிம்மக்கல்:

மைலேஜுக்காக முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லுல இருந்து 15 ஆக்கலாம்னு கடையில சொல்றாங்க. ஆக்கலாமா?

திருப்பரங்குன்றம்:

வேண்டாம்யா. ஒரு பல்லு கூடுனா கியர் 7 சதவீதம் போல நீளமாகும். நாலுவழிச் சாலையில சும்மா போறவனுக்குச் சொகமா இருக்கும். கோரிப்பாளையம் நெரிசல்ல, பின்னாடி காய்கறி மூட்டை வச்சுக்கிட்டு, அரைக் கிளட்ச்சுலயே ஊந்துறவனுக்குக் கிளட்ச் பிளேட்டு தேயும். மிச்சம் பிடிச்ச பெட்ரோல் காசு அதுல போயிரும். மாத்துறதுன்னா கம்பெனி குடுத்த அதே பல்லுக் கணக்குல மூணையும் சேத்து மாத்துங்க. பல்லு கொக்கி மாதிரி வளைஞ்ச பழைய ஸ்ப்ராக்கெட்டுல புதுச் செயினைப் போட்டா, புதுசும் சீக்கிரமே தேஞ்சு போகும்.

செட் மாத்துற அன்னைக்கே பின் வீல்ல குலுக்கலைத் தாங்குற கப்ளிங் ரப்பரையும் பாத்துருங்க. ஸ்ப்ராக்கெட்டைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுனா டக்கு டக்குன்னு இடிச்சா ரப்பர் நசுங்கிப் போச்சு. கியர் மாத்தும்போது வர்ற குலுக்கலுக்கு நெறைய பேர் செயினைத் திட்டுறது இந்த ரப்பருக்காகத்தான்.

ஆரப்பாளையம்:

மழைக்கு மணிநகரம் கர்டர் பாலத்தடியில தேங்குற தண்ணியில இறங்கி ஏறுன வண்டிக்குச் செயின் மட்டும் பாத்தாப் போதாது. டிரம்முக்குள்ள தண்ணி போயிருந்தா பிரேக் பிடிக்காது. மெதுவா ஓட்டி, லேசா அமுக்கி அமுக்கிக் காயவைக்கணும். தண்ணிக்குள்ளயே இஞ்சின் நின்னுபோனா கிக்கரும் செல்ஃபும் வேண்டாம், தள்ளிட்டு வாங்க. பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் கழட்டிப் பாத்த பெறகுதான் ஸ்டார்ட். இஞ்சின் ஆயில் வெளுத்திருந்தா மாத்தி, கொஞ்சம் ஓட்டிட்டு இன்னொரு தடவை மாத்தணும்.

மேலூர்:

ஒண்ணு விட்டுப்போச்சு. செயினோட ரெண்டு முனையையும் சேக்குற இணைப்புல லாக் கிளிப் மாட்டும்போது மூடுன பக்கம் செயின் ஓடுற திசையைப் பாக்கணும், வாய் பின்னாடி இருக்கணும். திருப்பி மாட்டுனா எதுலயாவது தட்டி, கிளிப் தெறிச்சுப் போகும். கழட்டுன கிளிப்பையே மறுபடி மாட்டாதீங்க, புதுசு வாங்க அதிகக் காசு ஆகாது.