க்வென் செத்ததும் கேப்டன் அமெரிக்கா கட்சி மாறியதும் ஒன்றா?

கூடுதுறைக்காரன்:
நேற்று ராத்திரி ஒரு காணொளி பார்த்ததில் இருந்து மனசே சரியில்லை. நம்ம கோயமுத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர்தான் பேசுகிறார், நன்றாகவும் பேசுகிறார், ஆனால் கடைசியில் ஒரே போடாகப் போட்டுவிட்டார். சூப்பர் ஹீரோ காமிக்ஸிலேயே கதையோடு ஒட்டி வந்த அதிர்ச்சித் திருப்பம் என்றால் கேப்டன் அமெரிக்கா தன் எதிரிக் கூட்டமான ஹைட்ராவை வாழ்த்தி 'ஹெய்ல் ஹைட்ரா' சொன்னதுதானாம், ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி செத்ததெல்லாம் அதற்கு அடுத்த இடம்தானாம்.

எப்படிங்க இது? 1941-ல் முதல் அட்டையிலேயே ஹிட்லர் முகத்தில் குத்துவிட்டவர் கேப்டன். 2016 மே மாதம் வந்த இதழில், கூட வந்த ஜாக் ஃப்ளாக்கை விமானத்தில் இருந்து தள்ளிவிட்டு எதிரிக் கூட்டத்தின் முழக்கத்தைச் சொல்கிறார். சரி, அதிர்ச்சிதான், நானும் அதிர்ந்தேன். அடுத்த இதழிலேயே காரணம் வந்துவிட்டது. காஸ்மிக் க்யூப் என்கிற சர்வசக்திக் கட்டி, கோபிக் என்ற சின்னப் பெண்ணாக உருவம் எடுத்திருக்கிறது, ரெட் ஸ்கல் என்ற வில்லன் அதன் மனசைக் கெடுத்து கேப்டனின் பழைய வாழ்க்கையையே மாற்றி எழுத வைத்துவிட்டான். அப்படியென்றால் கட்சி மாறியது கேப்டனே இல்லையே. அவருடைய நோட்டை வேறு யாரோ அழித்து எழுதியதற்கு நாம் எதற்குப் பதற வேண்டும்?

க்வென் கதை 1973 ஜூன், ஸ்பைடர்மேன் தொடரின் 121-ஆம் இதழ். கிரீன் காப்ளின் என்ற வில்லன் பாலத்து உச்சியில் இருந்து அவளைத் தள்ளுகிறான், ஸ்பைடர்மேன், அதாவது பீட்டர், வலை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான். பத்து வருஷமாக எத்தனையோ பேரைக் காப்பாற்றிய அதே வலை. அப்போது அவள் கழுத்துக்குப் பக்கத்தில் குட்டி எழுத்தில் ஒரு 'சடக்'. அது தெரியாமலே அவளை மேலே இழுத்துக்கொண்டு தன் திறமையைத் தானே மெச்சிக்கொள்கிறான் அந்தப் பையன். நான் இதை முதலில் படித்தபோது அந்தச் சடக்கைக் கவனிக்கவே இல்லை, திரும்பப் போய்ப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. துணியின் கரைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பாவு (நீளவாக்கு நூல்) ஓட்டும்போதே அந்த நூலைப் போட்டாக வேண்டும், பாதி நெய்த பிறகு உள்ளே விட முடியாது. அந்தச் சடக் பாவிலேயே இருந்த நூல். ஹைட்ரா மேலே ஒட்டின ஸ்டிக்கர்.

சென்னிமலைத் தறி:
அண்ணா, நீங்கள் அந்தக் கேப்டன் இதழின் கடைசிப் பக்கத்தை மட்டும் போனில் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கேப்டன் அதற்கு முன்னால் கிழவராகத்தானே இருந்தார்? அவரைத் திரும்ப இளைஞராக்கியது யார்? அதே கோபிக். அது இதற்கு முந்தைய கதையிலேயே வந்துவிட்டது, எல்லோரும் கைதட்டினோம், அவளால் ஆளை மாற்ற முடியும் என்பது அங்கேயே கண் முன்னால் இருந்தது. முதல் இதழிலும் கேப்டனின் அம்மாவை ஹைட்ராவைச் சேர்ந்த ஒரு பெண் வந்து பேசி இழுப்பது பழைய நினைவாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இதெல்லாம் பாவில் போட்ட நூல் இல்லையா?

அப்புறம் உங்கள் சடக். அதே கதையில் காப்ளின் என்ன சொல்கிறான்? அத்தனை உயரத்தில் இருந்து விழுந்தால் தரையைத் தொடும் முன்னரே யாராக இருந்தாலும் உயிர் போய்விடும் என்கிறான். அப்படியானால் வலை கொல்லவில்லை, விழுந்ததுதான் கொன்றது. வாசகர்கள் குழம்பிப்போய்க் கேட்டு, 125-ஆம் இதழின் கடிதப் பகுதியில்தான் வலை இழுத்து நிறுத்திய வேகத்தில் கழுத்து போனது என்று பதில் வந்தது. நாலு இதழ் கழித்துக் கடிதத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால் அது எந்த ஊர் பாவு?

உக்கடம் பழசு:
பாலம் எந்தப் பாலம் என்று முதலில் இரண்டு பேரும் சொல்லுங்கள். எழுத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று இருக்கும், படத்தில் வரைந்திருப்பது புரூக்ளின் பாலம். பாலத்தையே சரியாகப் போடாத இதழில் ஒரு குட்டிச் சடக்கை வைத்துக்கொண்டு வேதம் மாதிரி வியாக்கியானம் செய்கிறீர்கள். நான் முப்பது வருஷமாக உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் தூசி தட்டி எடுத்துச் சேர்த்தவன், போனில் படித்தவன் இல்லை.

கூடுதுறைக்காரன்:
பாலம் எதுவாக இருந்தாலும் கழுத்து ஒன்றுதான்.

சென்னிமலைக்காரத் தம்பிக்கு. காப்ளின் சொல்வதை நம்புகிறீர்களா? அவன் பைத்தியக்காரன், அதுவும் பெண்ணைத் தள்ளிவிட்டவன், 'நான் தள்ளியதில்தான் செத்தாள்' என்று பெருமை பீற்றிக்கொள்கிறான். கொலைகாரன் வாக்குமூலத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வீர்களா? எழுத்தைப் பாருங்கள். விழுந்துகொண்டிருக்கும் கட்டத்தில் சடக் இல்லை. வலை காலைப் பிடித்த கட்டத்தில்தான், கழுத்துப் பக்கத்தில்தான் சடக். போட்டவர்களுக்குத் தெரியும் எங்கே போடுகிறோம் என்று. கதையின் தலைப்பைக்கூட முதல் பக்கத்தில் போடாமல் கடைசிப் பக்கத்தில் வைத்தவர்கள் அவர்கள். தலைப்பைப் படித்தால் சாவு தெரிந்துவிடுமே. இவ்வளவு யோசித்தவர்கள் சடக்கைத் தெரியாமல் போட்டிருப்பார்களா?

தாராபுரம் மாயாவி:
எனக்கு ஒரு சந்தேகம். திருப்பம் 'ஒட்டுகிறது' என்று எதைச் சொல்கிறோம்? முன்கூட்டியே குறிப்பு இருப்பதையா, பின்னால் அது நிலைத்து நிற்பதையா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

எனக்கு இந்த மார்வெல் பஞ்சாயத்தே ஆரம்பத்தில் இருந்து புரியவில்லை. சிவகாசியில் இருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடுதான் ஆரம்பித்தது. மாயாவி யார்? ஆய்வுக்கூட விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்ந்து, இரும்புக்கை மட்டும் தெரிய மற்றதெல்லாம் மறைந்துபோகிற ஆள். முதலில் அந்தச் சக்தி தலைக்கேறி அழிக்கக் கிளம்பியவர், பிறகுதான் நிழற்படை என்ற உளவு அமைப்புக்கு வந்து நல்லவரானார். கூர்மண்டையன் ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் வேறு) அப்படியே, குற்ற உலகத்துக்கே ராஜாவாக வேண்டும் என்று கிளம்பியவன் கடைசியில் குற்றவாளிகளை வேட்டையாடினான். அந்த ஸ்பைடர் கதைகளைப் பின்னாளில் எழுதியது சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். கெட்டவன் நல்லவனாவதை எங்கள் கண் முன்னால் காட்டினார்கள், யாரும் நோட்டை அழித்து எழுதவில்லை. என் அப்புச்சி தென்னந்தோப்பில் கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

சென்னிமலைத் தறி:
கூடுதுறை அண்ணா தறி உதாரணம் சொன்னாரே, நானும் தறிக்காரன்தான். கட்டம் போட்ட போர்வைக்கு ஊடையில் (குறுக்கு நூலில்) நடுவில்தான் நிறம் மாற்றுகிறோம். நீல நூல் வைத்த நாடா ஓடிக்கொண்டிருக்கும், எடுத்துவிட்டுச் சிவப்பு நாடா போடுவோம். சென்னிமலைப் போர்வை முழுக்க அப்படித்தான் கட்டம் விழுகிறது. பாதி நெய்த பிறகு நிறம் விட முடியாது என்று ஜமக்காள ஊரில் இருந்துகொண்டு எப்படிச் சொல்கிறீர்கள்? பவானி ஜமக்காளத்தில் பட்டை பட்டையாக வருகிற நிறமே ஊடையில்தானே வருகிறது!

கூடுதுறைக்காரன்:
நான் கரையைச் சொன்னேன். கரையை. நீளவாக்கில் ஓடுகிற கரை. ஊடையை யார் பேசினார்கள்? பவானிக்காரனுக்கு ஜமக்காளப் பாடம் எடுக்க வேண்டாம் தம்பி, எங்கள் அப்பாரு குழித்தறியில் உட்கார்ந்தவர்.

நீங்கள் ஊடையில் நாடா மாற்றினாலும் அடியில் ஓடுகிற பாவு அதே பாவுதானே? கேப்டன் விஷயத்தில் பாவையே அறுத்துப்போட்டுவிட்டு வேறு பாவைப் பிணைத்தார்கள். 2017-ல் சீக்ரெட் எம்பயர் முடியும்போது அதே கோபிக் பழைய கேப்டனைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். ஒரு வருஷத்துச் சங்கதி. க்வென்? அந்த இதழில் செத்த பெண்ணை அப்படி ஒரே வருஷத்தில் எழுப்பிவிடவில்லை. சடக் என்றால் சடக்.

வாய்க்கால்மேடு:
நானும் ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சடக், பாவு, ஊடை, பாலம் எல்லாம் வந்துவிட்டது, க்வென் மட்டும் வரவில்லை. 1965-ல் இருந்து அந்தத் தொடரில் இருந்தவள், பீட்டரோடு கல்லூரியில் படித்தவள். அந்தப் பாலத்தில் அவள் மயக்கமாகவே கிடக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை, தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போய்ச் சேருகிறாள். பீட்டர் அழ வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைப் பொம்மை மாதிரி மேலிருந்து போட்டிருக்கிறார்கள். பத்து வருஷமாகக் காப்பாற்றிய வலை என்கிறீர்களே, அது பீட்டருக்காக நடந்த வேலை. க்வெனுக்காக ஒரு பக்கம்கூட வேலை நடக்கவில்லை. எனக்கு அந்தத் திருப்பம் ஒட்டவே இல்லை, பன்னிரண்டு வயசில் படித்தபோதும் ஒட்டவில்லை, இப்போதும் ஒட்டவில்லை.

அதிர்ச்சிக்காக ஆளைக் கொல்வதை காமிக்ஸ்காரர்கள் எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு 1988 போதும். பேட்மேனின் துணை ராபினாக இருந்த ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று தொலைபேசியில் ஓட்டு வைத்தார்கள். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. 72 ஓட்டில் ஒரு பையனைக் கொன்றார்கள். அப்புறம் 2005-ல் அவனையே ரெட் ஹூட் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கூடுதுறைக்காரன்:
அம்மிணி, நீங்கள் சொல்கிற ஜேசன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஓட்டுப் போட்டுக் கொல்வது கதையே இல்லை. ஆனால் அதையும் க்வெனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அந்தச் சடக்கை…

வாய்க்கால்மேடு:
அம்மிணி என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு நான் கேட்டதைத் தாண்டிப் போகாதீர்கள் அண்ணா. பாலத்தில் க்வெனுக்கு ஒரு வசனம் உண்டா இல்லையா?

உக்கடம் பழசு:
சாவு பற்றிப் பேசுவதென்றால் 1992 நவம்பரில் வந்த சூப்பர்மேன் 75-ஐப் பேச வேண்டும். டூம்ஸ்டே என்ற ராட்சசன் சூப்பர்மேனை அடித்துக் கொன்றது. கறுப்பு உறையில் போட்டு விற்றார்கள். என்னிடம் உறை பிரிக்காமல் இருக்கிறது, கொங்கு நாட்டில் வேறு யாரிடமாவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

சென்னிமலைத் தறி:
பிரிக்காமல் வைத்திருப்பவருக்கு உள்ளே இருக்கும் கதை எப்படிங்க தெரியும்? அந்தச் சூப்பர்மேனும் அடுத்த வருஷமே எழுந்து வந்துவிட்டார். கேப்டன் ஒரு வருஷத்தில் திரும்பியது தப்பு என்றால் அதுவும் தப்புதானே? கூடுதுறை அண்ணா அதை மட்டும் கண்டுகொள்ள மாட்டார்.

உக்கடம் பழசு:
பிரித்த பிரதி வேறு இருக்கிறது. அதை விடுங்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் என்னிடம் ஒரு வாரத்தில் தருகிறேன் என்று தண்டர்போல்ட்ஸ் தொகுப்பை வாங்கிப் போனது யார்? இரண்டு ஆடி போய்விட்டது. கடனாக வாங்கின புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவர் எது நேர்மையான திருப்பம் என்று எனக்குச் சொல்லித்தருகிறார். உண்மையில் சிறந்த திருப்பம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. 1997, முதல் இதழ். புதிய நாயகர்கள் ஊரைக் காப்பாற்றுகிறார்கள், கடைசிப் பக்கத்தில் முகமூடியைக் கழற்றினால் அத்தனை பேரும் பழைய வில்லன்கள். சடக்கும் இல்லை, கோபிக்கும் இல்லை. எடுத்துக் காட்டலாம் என்றால் புத்தகம் என் அலமாரியில் இல்லை, சென்னிமலையில் இருக்கிறது.

சென்னிமலைத் தறி:
புத்தகம் பத்திரமாக இருக்கிறது. இரண்டு தடவை கோயமுத்தூர் வந்து போன் பண்ணினேன், நீங்கள்தான் எடுக்கவில்லை. இதைப் பொதுவில் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? சரி, அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன் முகமூடிக்குள் ஹைட்ரா இருந்ததும் அதே மாதிரி திருப்பம்தானே? அங்கே கைதட்டுவீர்கள், இங்கே ஸ்டிக்கர் என்பீர்கள்.

கூடுதுறைக்காரன்:
அதே மாதிரி இல்லை. தண்டர்போல்ட்ஸில் அந்த வில்லன்கள் அவர்களாகவே முடிவு செய்து வேஷம் போட்டார்கள். அதனால்தான் பிறகு அதில் சிலருக்கு நல்லவனாகவே இருந்துவிடலாமா என்று மனசு தடுமாறும்போது நமக்கும் தடுமாறுகிறது. கேப்டன் முடிவு செய்தாரா? ஒரு குழந்தை க்யூப் முடிவு செய்தது. முடிவு செய்யாதவன் மேல் எனக்கு எப்படிக் கோபம் வரும், எப்படி அழுகை வரும்? பீட்டர் முடிவு செய்தான். ஒரு நொடியில் வலையை வீசலாம் என்று முடிவு செய்தான், அது அவன் வாழ்நாளெல்லாம் செய்த சரியான காரியம், அதே சரியான காரியம்தான் அவளைக் கொன்றது. அவளைக் கையில் ஏந்திக்கொண்டு நான் உன்னைக் காப்பாற்றிவிட்டேனே என்று புலம்புகிறான். இதைவிடப் பெரிய திருப்பத்தை எனக்கு யாராவது காட்டுங்கள், நான் வண்டி எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்கே வந்து படிக்கிறேன்.

சென்னிமலைத் தறி:
வலை கொன்றது என்று 125-ஆம் இதழ் கடிதப் பகுதி சொல்கிறது. 121-ஆம் இதழ் கதையில் யாரும் சொல்லவில்லை. திரும்பவும் சொல்கிறேன், கதையில் யாரும் சொல்லவில்லை.

கூடுதுறைக்காரன்:
சடக் சொல்கிறது.

தாராபுரம் மாயாவி:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்பைடர் என்றதும் எல்லோரும் அமெரிக்க ஸ்பைடர்மேன் பின்னாலேயே ஓடுகிறீர்கள். எங்கள் ஸ்பைடர் உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?

வாய்க்கால்மேடு:
என் கேள்வியும் அப்படியே கிடக்கிறது. பாலத்தில் வசனம் உண்டா இல்லையா?

உக்கடம் பழசு:
வர்ற ஞாயிற்றுக்கிழமை ஈரோடு வருகிறேன். புத்தகம் கைக்கு வர வேண்டும். அட்டை மடிந்திருந்தால் அப்புறம் பேச்சே வேறு.

கூடுதுறைக்காரன்:
நானும் வருகிறேன். என் 121 மறுபதிப்பை எடுத்து வருகிறேன், அந்தக் கட்டத்தை விரித்து வைத்து, சடக் எங்கே இருக்கிறது, காலுக்குப் பக்கத்திலா கழுத்துக்குப் பக்கத்திலா என்று சென்னிமலைத் தம்பி தன் விரலை வைத்துக் காட்டட்டும். கடிதப் பகுதி வேண்டாம், காப்ளின் பேச்சு வேண்டாம். விரலை வைத்தால் போதும்.

சென்னிமலைத் தறி:
வைக்கிறேன். கூடவே காப்ளின் பேசுகிற கட்டத்தில் நீங்களும் விரலை வைக்க வேண்டும்.