படகை 6 வாரம் விட்டுவிட்டு விமானத்தில் போக வேண்டும்: எப்படித் தயார் செய்வது?

நீலத்திசை:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது 38 அடி ஃபைபர் கிளாஸ் ஸ்லூப் (ஒற்றைப் பாய்மரப் படகு), ஒற்றை டீசல் எஞ்சின். நானும் மனைவியும் முழுநேரமும் படகில்தான் வசிக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். 6 வாரம் கூட இருக்க வேண்டும். படகைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு விமானத்தில் போய் வரலாம் என்று நினைக்கிறோம். விளக்கு, ஃபிரிட்ஜ், பம்புகளுக்கு 300 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி. எஞ்சின் ஸ்டார்ட் செய்யத் தனியாக ஒரு லெட் ஆசிட். சோலார் 400 வாட். மணிக்கு 2000 காலன் என்று எழுதிய தானியங்கி பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றுவது) ஒன்று இருக்கிறது.

நங்கூரத்தில் விடலாமா, மூரிங்கா (கடலடியில் நிலையாகப் பதித்த கட்டு), மரினாவா (படகுத்துறை)? இந்தப் பம்ப் இருந்தால் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாமல் போகலாமா? திரும்பி வரும்போது ஒருவழி டிக்கெட்டோடு விமானத்தில் ஏற்றுவார்களா?

அணியத்துக்காரர்:
பம்பிலிருந்து தொடங்குகிறேன், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2000 அமெரிக்க காலன் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 126 லிட்டர். தண்ணீரை மேலே ஏற்றாமல், குழாய் இல்லாமல் அளந்த கணக்கு அது. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றி, மடிப்பு மடிப்பான குழாய் வழியாக வெளியே தள்ளும்போது பாதி கிடைத்தாலே நல்லது. இப்போது எதிர்க்கணக்கு: நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. குழாய் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 லிட்டர் உள்ளே வரும். அதோடு பம்ப் 10 ஆம்பியர் அளவில் இழுத்தால் ஸ்டார்ட்டர் பேட்டரி ஒரு ராத்திரி தாங்குவதே சந்தேகம். சொட்டுக்கும் மழைநீருக்கும்தான் பம்ப். உடைந்த குழாய்க்கு மருந்து, மூடிய சீகாக் (படகின் அடித்துளையை மூடும் வால்வு) மட்டுமே.

அதனால் எஞ்சின் குளிர்நீர், கழிப்பறையின் இரண்டு வழிகள், சமையல் தொட்டி, வாட்டர்மேக்கர் (கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி) என நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள எல்லா சீகாக்கையும் மூடுங்கள். காக்பிட்டின் (படகை ஓட்டும் திறந்த இடம்) வடிகால்களை மட்டும் மூடக் கூடாது. மூடினால் மழைநீர் காக்பிட்டில் தேங்கி, படியைத் தாண்டி உள்ளே இறங்கும். திறந்தே இருக்கப் போவது அந்தக் குழாய்கள் மட்டும் என்பதால் படகிலேயே நல்ல குழாய்கள் அவையாக இருக்க வேண்டும். குழாய் விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். இடம் இருக்கும் முனைகளில் இரண்டு கிளாம்ப் போடுங்கள், 316 ரக ஸ்டெயின்லெஸ். கிளாம்பின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வால்வு கைப்பிடி திரும்பவில்லை என்றால் முரட்டுத்தனமாக நெம்பாதீர்கள். உலோகம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று அர்த்தம். அது கையோடு வந்துவிடும். படகைத் தூக்கி மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அளவான மரக்கட்டை அடைப்பான் ஒன்றைக் கட்டி வையுங்கள். எஞ்சின் சாவியைக் குளிர்நீர் சீகாக்கின் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டால், வால்வைத் திறக்காமல் யாரும் எஞ்சினைப் போட மாட்டார்கள்.

புரொபெல்லர் தண்டில் கயிறு அடைத்த பழைய வகை ஸ்டஃபிங் பாக்ஸ் (தண்டு வெளியே போகும் துளையில் நீரைத் தடுக்கும் அடைப்பு) இருந்தால், சொட்டு நிற்கும் வரை மட்டும் நட்டை இறுக்குங்கள். "தளர்த்தாமல் ஓட்டாதே" என்று எழுதி எஞ்சினில் ஒட்டுங்கள். அப்படியே ஓட்டினால் தண்டு சூடேறித் தேய்ந்துவிடும். படகின் அடித்துளை வழியாக நீரில் சுழலும் வேகமானியின் சக்கரத்தை எடுத்துவிட்டு, துளைக்கு மூடியைப் போடுங்கள்.

பில்ஜ் பம்பின் வெளியேற்றக் குழாயையும் கவனியுங்கள். அது நீர்மட்டத்தை ஒட்டி இருந்தால், படகு சற்றுத் தாழ்ந்ததும் கடல்நீர் அதே வழியாக உள்ளே திரும்பும். குழாயை உயரமாக வளைத்து, உச்சியில் காற்றுத்துளை வைக்க வேண்டும். ஒருவழி வால்வு அதற்கு மாற்று இல்லை. ஒரு சிறு குப்பை போதும், அது வாயைத் திறந்தபடியே நின்றுவிடும். பம்பைத் தானாக இயக்கும் ஃப்ளோட் ஸ்விட்சைக் கையால் தூக்கிப் பார்ப்பதோடு விடாமல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்.

சோலார்பித்தன்:
மேலே சொன்னது எல்லாமே சரி. நான் மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பில்ஜ் பம்ப் லித்தியத்தில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணு அமைப்பு) வோல்டேஜிலோ வெப்பத்திலோ கோளாறு கண்டு துண்டித்துவிட்டால் படகு முழுக்க ஒரே நொடியில் இருட்டாகிவிடும், பம்பும் சேர்ந்து சாகும். லெட் ஆசிட்டில் இருந்து, மெயின் ஸ்விட்ச் வழியாகப் போகாமல், பம்புக்கென்று தனி ஃபியூஸ் வைத்து நேராக இழுங்கள். ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சோலாரில் ஒரு பலகையை மட்டும் சிறிய கன்ட்ரோலர் வழியாக அந்த பேட்டரிக்குக் கொடுங்கள். மிதவைச் சார்ஜ் (நிறைந்த பேட்டரியைத் தக்கவைக்கும் சார்ஜ்) 13.5 வோல்ட் அளவில் நிற்க வேண்டும்.

லித்தியத்தை முழுச் சார்ஜில் விட வேண்டாம். அரைவாசியில் நிறுத்தி, லோடும் சார்ஜும் இரண்டையும் துண்டியுங்கள். 6 வாரத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது. கழற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் சோலார் பலகை, பிறகு பேட்டரி. மாட்டும்போது இதற்குத் தலைகீழ். பலகை மாட்டியிருக்க பேட்டரியைப் பிடுங்கினால் கன்ட்ரோலர் கெடலாம்.

மரினாவில் கரை மின்சாரத்தைச் செருகிவிட்டுப் போகும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு உங்கள் படகும் ஒரே சுற்றில் சேர்ந்து, துத்தநாக அனோட் (மற்ற உலோகங்களுக்குப் பதிலாகக் கரையும் துண்டு) கரையும். அது தீர்ந்ததும் அரிப்பு புரொபெல்லருக்கு வரும். உப்பேறிய பிளக் சூடாகித் தீப்பிடிப்பதும் உண்டு. ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்து, கதவில் ஒரு துண்டைச் செருகித் திறந்தபடி விட்டால் கரை மின்சாரமே தேவைப்படாது. கட்டாயம் வேண்டும் என்றால் கால்வானிக் ஐசொலேட்டர் (எர்த் கம்பி வழியாக வரும் இந்தச் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கருவி) இல்லாமல் செருகாதீர்கள்.

நீலத்திசை:
மிக்க நன்றி. பம்ப் இப்போது லித்தியத்தில்தான் இருக்கிறது, மாற்றிவிடுகிறேன். வாட்டர்மேக்கர், கழிப்பறை இரண்டையும் சும்மா விட்டுவிடலாமா?

அணியத்துக்காரர்:
கூடாது. வாட்டர்மேக்கரின் மெம்பிரேனை (உப்பை வடிகட்டும் சவ்வு) நல்ல தண்ணீரால் கழுவி விட்டால் ஒரு வாரம் அளவுக்குத்தான் தாங்கும். 6 வாரத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் பாதுகாப்புக் கரைசலை, பெரும்பாலும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட், ஏற்றி விடுங்கள். கழுவும் தண்ணீர் கரி ஃபில்டர் வழியாக வரட்டும். மரினா குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பட்டால் மெம்பிரேன் போச்சு, மீட்க வழியில்லை. கழிப்பறையில் கடல்நீர் தேங்கினால் அதிலுள்ள உயிர்கள் செத்து அழுகிய முட்டை நாற்றம் வரும். உள்வரும் குழாய் வழியாகவே நல்ல தண்ணீரை ஓடவிட்டு, பிறகு மூடுங்கள்.

பூஞ்சைக்கு: மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள், எல்லா அலமாரியையும் திறந்து விடுங்கள், சுவர்களை வினிகரால் துடையுங்கள்.

இரட்டைக்கயிறு:
வாழ்த்துகள், தாத்தா பாட்டி ஆகப் போகிறீர்கள்!

நங்கூரம் வேண்டவே வேண்டாம். உங்கள் நங்கூரம் எவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தாலும் காற்று வரும் பக்கம் நிற்கும் படகு இழுபட்டு வந்து உங்கள் மேல் விழலாம். அப்போது சங்கிலியை நீட்டவோ எஞ்சின் போடவோ ஆள் இருக்காது. ஆளில்லாமல் நங்கூரத்தில் நிற்கும் படகுக்கு இழப்பீடு கிடையாது என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். மூரிங் என்றால் கடைசியாக யார் முங்கிப் பார்த்தார்கள், எப்போது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நீங்களே முங்குங்கள்: ஷாக்கிள் (சங்கிலியை இணைக்கும் வளையம்) தேய்மானம், அதன் ஊசி கழலாமல் கட்டிய கம்பி, சங்கிலி தரையைத் தொடும் இடம். இந்த மூன்றும் முக்கியம்.

மரினா கிடைத்தால் அதுவே நல்லது. கயிறுகளை இரட்டிப்பாக்குங்கள், ஆனால் இரண்டையும் ஒரே கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) கட்டாதீர்கள். நைலான் நீண்டு சுருங்கும்போது உள்ளுக்குள் சூடேறும், உரசும் இடத்தில் அறும். அங்கே பாலியெஸ்டர் உறையையோ பழைய தீயணைப்புக் குழாயையோ போட்டு, நகராதபடி தைத்து விடுங்கள்.

முன்பாயைச் சுருட்டி விட்டுப் போவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. சுருளின் ஓரம் ஓர் அங்குலம் பிரிந்தாலும் காற்று அதைக் கிழித்துத் திறந்துவிடும், பிறகு பாய்மரமே ஆடும். கழற்றி மடித்து உள்ளே வையுங்கள். பிமினியும் (காக்பிட்டுக்கு மேலுள்ள துணிக்கூரை) அப்படியே.

புயல் காலத்தையும் பாருங்கள். வட அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. "இந்த அட்சரேகைக்குத் தெற்கே புயல் வராது" என்ற பேச்சை நம்பாதீர்கள். பாதுகாப்பான தெற்கு என்று கருதப்பட்ட கரீபியன் நாடான கிரெனடாவை 2004இல் ஐவன் புயல் அடித்தது. அதே நாட்டின் கேரியகூ தீவை 2024 ஜூலையில் பெரில் அடித்தது. அந்த மாதங்கள் என்றால் படகைக் கரையேற்றி, தரையில் பதித்த கொக்கிகளோடு பட்டை போட்டுக் கட்டும் யார்டைத் தேடுங்கள்.

குடிவரவுமேசை:
பயணச்சீட்டு வாங்கும் முன் குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நீங்கள் அந்த நாட்டுக்குள் படகின் கேப்டனாகவும் குழுவாகவும் நுழைந்திருக்கிறீர்கள். விமானத்தில் போவது என்றால் பல நாடுகளில் அந்தப் பதிவை மாற்ற வேண்டும். ஆளுக்கு ஒரு கெடு, படகுக்கு வேறொரு கெடு என்பதை மறக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், அங்கே வசிக்காதவரின் படகுக்குத் தற்காலிக அனுமதி 18 மாதம். ஆனால் ஷெங்கன் பகுதியில் (உள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) ஆள் தங்கக்கூடியது எந்த 180 நாளிலும் 90 நாள்தான். படகுக்கு அனுமதி இருக்கிறதே என்று ஆள் தங்கிவிட்டால் மாட்டிக்கொள்வார்.

பின்னால் எப்போதாவது படகிலேயே அமெரிக்கா போய் உறவினரைப் பார்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சொந்தப் படகில் வருபவருக்கு எஸ்டா (விசா இல்லாமல் போக இணையத்தில் வாங்கும் முன்அனுமதி) செல்லாது, பி1/பி2 (வணிக, சுற்றுலா) விசா வேண்டும்.

ஒருவழி டிக்கெட்டுக்கு: நாட்டை விட்டு எப்படி வெளியேறுவீர்கள் என்று கேட்டுத் தடுப்பது பெரும்பாலும் குடிவரவு அல்ல, செக்-இன் மேசையில் இருப்பவர். படகின் பதிவுச் சான்று, சுங்க அனுமதித் தாள், படகு இன்ன தேதி முதல் இங்கே நிற்கிறது என்று மரினா எழுதிய கடிதம் மூன்றையும் காகிதமாகக் கைப்பையில் வையுங்கள். சில நாடுகளில் குடிவரவுத் துறையே முன்கூட்டிக் கடிதம் தரும், கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் செல்லாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் வெளியேறு டிக்கெட் ஒன்றை அங்கேயே வாங்க வேண்டியிருக்கும்.

திரும்பும்போது உதிரிபாகம் கொண்டு வந்தால் ரசீதில் படகின் பெயர் இருக்கட்டும். ஆபத்தில் கொளுத்தும் ஒளிக்குச்சிகள் (ஃப்ளேர்) விமானத்தில் ஏறாது. லைஃப் ஜாக்கெட் சிலிண்டருக்கு விமான நிறுவனத்தின் அனுமதி முன்பே வேண்டும். தனி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டும்.

இன்னொன்று: விமானத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே படகு விட்டுச் செல்லும் இடத்துக்கு வந்து கட்டப்பட்டிருக்க வேண்டும். டிக்கெட் போய்விடுமே என்று கெட்ட வானிலையில் பாய் விரிக்காதீர்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகவே வாங்குங்கள்.

நீலத்திசை:
மரினா ஊழியர் ஒருவர் வாரம் ஒருமுறை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் என்ன கேட்பது? திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வது?

இரட்டைக்கயிறு:
"எல்லாம் நல்லாயிருக்கு" என்ற செய்தி பயன்படாது. ஒவ்வொரு வாரமும் நான்கு படம் கேளுங்கள்: பில்ஜின் அடி, பேட்டரி வோல்ட் மீட்டர், கயிறு உரசும் இடம், தூரத்திலிருந்து நீர்மட்டக் கோடு. கோடு தாழ்ந்திருந்தால் மற்ற மூன்றையும் பார்க்காமலே ஆளை உள்ளே அனுப்பலாம். உள்ளே நுழைய அனுமதியை எழுதிக் கொடுத்து, சாவியையும் சீகாக் இருக்கும் இடங்களின் படத்தையும் அவரிடம் விடுங்கள். கேஸ் சிலிண்டரை அதன் வால்விலேயே மூடிவிடுங்கள்.

வந்ததும் எந்த ஸ்விட்சையும் தொடும் முன் பில்ஜில் கேஸ் வாடை இருக்கிறதா பாருங்கள். சீகாக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஸ்டஃபிங் பாக்ஸைத் தளர்த்துங்கள். எஞ்சின் போட்டதும் புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள், உறிஞ்சு துளையில் சிப்பி அடைத்திருக்கும். வெப்பக் கடலில் 6 வாரம் நின்ற புரொபெல்லரில் பார்னக்கிள் (ஒட்டி வளரும் ஓடுடைய சிறு கடலுயிர்) ஏறியிருக்கும். முங்கிச் சுரண்டாமல் மரினாவை விட்டு வெளியே எடுக்காதீர்கள். ஓட்டும்போது ரிவர்ஸ் சரியாகப் பிடிக்காது, நிற்க வேண்டிய இடத்தில் படகு நிற்காது.