தண்டர்பேர்டில் தொடுப்பைச் சொடுக்கினால் எந்த உலாவி திறக்கும்? குமரி மாவட்டத்து அனுபவங்கள்

மார்த்தாண்டம், கடைக் கணக்கர்

ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். கடையின் மின்னஞ்சல் முழுவதும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில்தான் இருக்கிறது. பல ஆண்டு விலைப்பட்டியல்களும் வங்கிக் கடிதங்களும் அதிலேயே கிடப்பதால் வேறு மென்பொருளுக்கு மாற எங்களுக்கு மனம் வரவில்லை. கோட்டயத்தில் இருக்கும் எங்கள் வியாபாரத் தொடர்பாளர், ரப்பர் வாரியத்தின் விலைப் பக்கத்துக்கான தொடுப்பை நாள்தோறும் அனுப்பி வைப்பார். ஆர்.எஸ்.எஸ். 4 ரகத்தின் (புகையூட்டிய ரப்பர் ஷீட்டின் ஒரு தரம்) விலையை அதில் பார்த்த பிறகுதான் முதலாளி விவசாயிகளிடம் விலை பேசத் தொடங்குவார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், அந்தத் தொடுப்பைச் சொடுக்கியபோது எதுவுமே திறக்கவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை. சுட்டியின் அம்புக்குறி ஒரு நொடி வட்டமாகச் சுழன்றுவிட்டு மீண்டும் அம்புக்குறியாகவே நின்றது. வாசலில் ஒருவர் ஷீட் கட்டை ஸ்கூட்டரிலிருந்து இறக்காமல், மழைக்கோட்டோடு காத்து நின்றார். “வெல வந்தாச்சா மக்ளே?” என்று முதலாளி உள்ளே இருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார். அன்று தொலைபேசியில் கேட்டுச் சமாளித்தோம்.

குற்றம் தண்டர்பேர்டில்தான் என்று உறுதியாக நம்பி, அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், பயனில்லை. மறுநாளும் அதையே செய்தேன். மின்னஞ்சல்கள் தனியாக ஒரு சுயவிவரக் கோப்புறையில் இருப்பதால் அவை அழியவில்லை என்பது மட்டுமே ஆறுதல். மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது: கணினியைப் பழுது பார்த்தவர் எப்போதோ போட்டுவிட்டுப் போன, பெயர் கேள்விப்படாத உலாவி ஒன்றை, சிக்கல் தொடங்குவதற்கு முந்தைய மாலையில் நானே நீக்கியிருந்தேன். விண்டோஸ் அந்த உலாவியைத்தான் இயல்பு உலாவியாக, அதாவது தொடுப்புகளைத் தானாகத் திறக்கும் உலாவியாக வைத்திருந்தது. தண்டர்பேர்ட் வலைப்பக்க முகவரியை விண்டோஸிடம் ஒப்படைக்கிறது. விண்டோஸோ இல்லாத ஓர் உலாவியைத் தேடிக்கொண்டிருந்தது. ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘ஆப்ஸ்’, அதற்குள் ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ என்பதைத் திறந்து, ‘வெப் பிரவுசர்’ என்ற இடத்தில் பயர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்த அந்த நிமிடமே தொடுப்பு திறந்தது. தண்டர்பேர்டை நான் தொடவே தேவையிருந்திருக்கவில்லை.

இதோடு முடியவில்லை. சரக்குக் குறியீட்டு எண்களைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. புகையூட்டிய ஷீட்டுக்கு 40012100 என்ற எண். மின்னஞ்சலில் வரும் இத்தகைய எண்ணைத் தேர்ந்தெடுத்து, வலச்சொடுக்குச் செய்து, அங்கிருந்தே இணையத்தில் தேடுவது என் வழக்கம். அந்தத் தேடல் டக்டக்கோ என்ற தேடுபொறியில் நடக்க வேண்டும் என்று விரும்பி, பயர்பாக்ஸின் தேடுபொறியை மாற்றினேன். உலாவியின் முகவரிப் பட்டையில் தட்டச்சு செய்தால் டக்டக்கோ வந்தது; தண்டர்பேர்டிலிருந்து தேடினால் பழையபடி கூகுளே வந்தது. என் முந்தைய அனுபவத்தால், இதுவும் விண்டோஸ் வேலையாகத்தான் இருக்கும் என்று எண்ணி அங்கே வீணாகத் தேடினேன். ஆனால் இதற்கான இடம் தண்டர்பேர்டுக்குள்ளேயே இருக்கிறது: ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘ஜெனரல்’ பகுதியில் ‘டீஃபால்ட் சர்ச் எஞ்சின்’ என்ற பட்டியல். உலாவி எது என்பதை இயங்குதளம் முடிவு செய்கிறது. தேடுபொறி எது என்பதைத் தண்டர்பேர்ட் முடிவு செய்கிறது. உலாவிக்குள் நாம் வைக்கும் தேடுபொறி, உலாவிக்குள் தட்டச்சு செய்யும் தேடலுக்கு மட்டுமே உரியது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் எனக்கு ஒரு வாரம் போயிற்று. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

தக்கலை, பள்ளி ஆசிரியர்

தம்பி எழுதியது விண்டோஸுக்கு முழுவதும் பொருந்தும். நான் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவன். என் மகளுக்கு அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தபோது அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது; அதில் பழகி, இப்போது வீட்டுக் கணினியில் மின்ட் என்ற லினக்ஸ் வகையை வைத்திருக்கிறேன்.

எனக்கு நேர்ந்தது வேறு வகை. எந்தத் தொடுப்பைச் சொடுக்கினாலும் உரைத் திருத்தி திறந்து, வெற்றுப் பக்கம் ஒன்றைக் காட்டியது. எப்போதோ ஒரு நாள் தண்டர்பேர்ட், “இதை எந்தச் செயலியில் திறக்க வேண்டும்?” என்று ஒரு சிறு சாளரத்தில் கேட்டிருக்கிறது. வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் பட்டியலில் முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டத்திலும் குறியிட்டிருக்கிறேன். அதன் பிறகு, மின்டின் விருப்பச் செயலிகள் பக்கத்தில் பயர்பாக்ஸை எத்தனை முறை வைத்தாலும் பயனில்லாமல் போயிற்று; ஏனென்றால் தண்டர்பேர்ட் இயங்குதளத்தைக் கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தது. ஆகவே, உலாவியை இயங்குதளம் முடிவு செய்கிறது என்று தம்பி சொல்வதோடு, நாம் தண்டர்பேர்டிடம் தனியாக எதுவும் சொல்லி வைக்காதவரை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் சொல்லி வைத்தவை சுயவிவரக் கோப்புறையில் ‘ஹேண்ட்லர்ஸ்.ஜேசான்’ (handlers.json) என்ற கோப்பில் பதிவாகின்றன. உதவிப் பட்டியலில் உள்ள ‘ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்திலிருந்தே அந்தக் கோப்புறையைத் திறக்கலாம். தண்டர்பேர்டை முழுவதுமாக மூடிவிட்டு, அந்தக் கோப்பின் பெயரை மாற்றி வைத்தேன். மறுபடி திறந்தபோது அது புதிய கோப்பை உருவாக்கிக்கொண்டது. தொடுப்புகள் பயர்பாக்ஸில் திறந்தன. ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது: மின்னஞ்சலோடு வரும் பிடிஎஃப், ஒலிக்கோப்பு முதலியவற்றுக்கு நான் செய்து வைத்திருந்த தேர்வுகளும் அதே கோப்பில் இருந்ததால் அவையும் போய்விட்டன. கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுவது அதனால்தான் நல்லது.

நாகர்கோவில், ஒப்பந்ததாரர் அலுவலகம்

சார் எழுதியதைப் படித்த பிறகுதான், நாங்கள் இரண்டு ஆண்டுகளாக வேண்டுமென்றே செய்துவருவதும் அதே விஷயம்தான் என்று புரிந்தது. எங்கள் அலுவலகத்தில் டெண்டர் வேலைகளுக்கு, மின்கையொப்பச் சாவியைக் கணினியில் செருகிக் கையொப்பமிட வேண்டும். அந்தச் சாவியின் மென்பொருளை நாங்கள் எட்ஜ் உலாவியில் மட்டுமே அமைத்திருக்கிறோம். முன்பு இதற்கெல்லாம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையே நம்பியிருந்தோம். 2022 ஜூன் 15 அன்று விண்டோஸ் 10-இல் அதற்கான ஆதரவு முடிந்த பிறகு, எட்ஜுக்குள் இருக்கும், பழைய எக்ஸ்ப்ளோரர் போலவே இயங்கும் ஐஇ முறைக்கு வந்தோம். மற்ற வேலைகள் அனைத்தும் குரோமில். எனவே கணினியின் இயல்பு உலாவி குரோமாக இருக்க, தண்டர்பேர்டிலிருந்து திறக்கும் தொடுப்புகளுக்கு மட்டும் எந்த உலாவி என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பதே எங்கள் தேவை.

செய்தது இதுதான். தண்டர்பேர்டின் ‘ஜெனரல்’ பகுதியின் அடியில் ‘கான்ஃபிக் எடிட்டர்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதைத் திறந்து, தேடல் கட்டத்தில் ‘வார்ன்-எக்ஸ்டர்னல்’ (warn-external) என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் சில வரிகள் வரும். அவற்றில் எச்டிடிபி (http) என்று முடியும் வரியையும் எச்டிடிபிஎஸ் (https) என்று முடியும் வரியையும் (வலை முகவரிகள் தொடங்கும் எழுத்துகள் இவை) ‘ஃபால்ஸ்’ நிலையிலிருந்து ‘ட்ரூ’ நிலைக்கு மாற்றினேன். இரண்டையும் மாற்ற வேண்டும். முதல் முறை நான் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, சில தொடுப்புகள் கேட்பதும் சில கேட்காமல் குரோமில் திறப்பதும் ஏன் என்று தெரியாமல் அரை நாள் தவித்தேன். இப்போது ஒவ்வொரு தொடுப்புக்கும் சாளரம் வந்து கேட்கிறது. டெண்டர் தொடுப்பு என்றால் எட்ஜ், மற்றவை குரோம். சார் தவறிக் குறியிட்ட அந்தக் கட்டத்தில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது என்று திரையின் ஓரத்தில் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. வங்கியின் பெயரில் வரும் போலி மின்னஞ்சலில் அவசரப்பட்டுச் சொடுக்கிவிட்டாலும், அந்தச் சாளரம் நம்மை ஒரு நொடி நிறுத்துகிறது. தொடுப்பின் மேல் சுட்டியை வைத்தால் உண்மையான முகவரி தண்டர்பேர்டின் அடிப்பட்டையில் தெரியும் என்பதை எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் அந்த ஒரு நொடியில்தான் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

குளச்சல், இல்லத்தரசி

எனக்கு நேர்ந்தது எதிர்த்திசையில். வலைப்பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் தண்டர்பேர்ட் திறக்காமல், உலாவிக்குள் வேறொரு அஞ்சல் பக்கம் திறந்தது. வளைகுடாவில் இருக்கும் என் கணவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ பக்கத்தில் ‘மெயில்டு’ (mailto, மின்னஞ்சல் முகவரித் தொடுப்பின் வகைப் பெயர்) என்பதற்குத் தண்டர்பேர்டை வைத்தேன்; அப்போதும் சரியாகவில்லை. பயர்பாக்ஸின் அமைப்புகளில், செயலிகள் பட்டியலிலும் ‘மெயில்டு’ தனியாக இருந்தது. அங்கேயும் மாற்றிய பிறகே சரியாயிற்று.

மார்த்தாண்டம், கடைக் கணக்கர்

அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கடைக்கு விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி வாங்கியிருக்கிறோம். அதில் ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ பக்கத்தின் மேலே உள்ள கட்டத்தில் எச்டிடிபிஎஸ் என்று தட்டச்சு செய்தால், அதற்கு உரிய உலாவி எது என்று உடனே காட்டுகிறது. அதே கட்டத்தில் ‘மெயில்டு’ என்று தட்டச்சு செய்து, அக்கா சொன்னதையும் சரிபார்த்தேன். பழைய சுயவிவரக் கோப்புறையை அப்படியே கொண்டுவந்ததால், தண்டர்பேர்டில் வைத்திருந்த டக்டக்கோ தானாகவே வந்துவிட்டது. உலாவியை மட்டும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. பிறகு எனக்கு நானே ஒரு தொடுப்பை மின்னஞ்சலாக அனுப்பிச் சொடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பழைய கணினியின் கம்பிகளைக் கழற்றினேன்.