எக்ஸ்32 மிக்சர் திரையில் செண்ட் எடுக்கப்படும் இடத்தை எங்கே பார்ப்பது?

வணக்கம். எங்கள் அரங்கத்தில் சென்ற மாதம் முதல் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்சரைப் பயன்படுத்துகிறோம். அதற்கு முன் இருந்தது அனலாக் மிக்சர். இப்போது பாடகரின் சேனல் ஃபேடரைக் (ஒலியளவை மாற்றும் நகர்த்தி) குறைத்தால், மேடை மானிட்டருக்குச் செல்லும் 3ஆம் பஸ்ஸிலும் (பல சேனல்களின் ஒலியைச் சேர்த்து அனுப்பும் தடம்) அவர் குரல் சேர்ந்தே குறைகிறது. பாட்டின் நடுவே தம் குரலே கேட்காமல் அவர் தடுமாறுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. செண்ட், அதாவது சேனலிலிருந்து பஸ்ஸுக்கு அனுப்பப்படும் ஒலி, ஃபேடருக்குப் பிறகு எடுக்கப்படுகிறது என்பது தெளிவு. அதைத் திரையில் கண்டுபிடிக்க இயலவில்லை.

சேனலின் செலக்ட் பொத்தானை அழுத்தி, ஹோம் பக்கத்தின் மேலுள்ள தாவல்களில் செண்ட்ஸ் வரை சென்று, திரைக்குக் கீழுள்ள ஆறு குமிழ்களையும் திருப்பிப் பார்த்தேன். பஸ்களுக்குச் செல்லும் அளவு மாறுவது மட்டுமே எனக்குப் புலப்பட்டது. செண்ட் அளவுகளை ஃபேடர்களிலேயே காட்டும் செண்ட்ஸ் ஆன் ஃபேடர் முறையிலும் அளவு மட்டுமே தெரிகிறது. 3ஆம் பஸ்ஸையே செலக்ட் செய்தால், அதே திரையில் சேனலின் விவரங்கள் மறைந்து பஸ்ஸின் விவரங்கள் வந்துவிடுகின்றன. மீட்டர்ஸ் பக்கமும் உதவவில்லை.

பாடகரின் சேனலிலிருந்து 3ஆம் பஸ்ஸுக்குச் செல்லும் செண்ட், ஃபேடருக்கு முன்னா பின்னா என்பது எந்தப் பக்கத்தில், எந்தக் குமிழுக்கு மேலே காட்டப்படும்?