மேற்கு வெயில் பால்கனியில் செயற்கைச் செடிச் சுவர்: எத்தனை பலகை, எப்படிக் கட்டுவது?

ஆறாவது_மாடி:
திருவான்மியூரில் வாடகை ஃபிளாட். கடற்கரை பக்கம்தான். பால்கனி 10 அடி நீளம், 4.5 அடி அகலம், மேற்குப் பார்த்தது, மதியம் 1 மணியிலிருந்து நேர் வெயில். நீளச் சுவர் 10 × 7.5 அடி. அதில் செயற்கைச் செடிப் பலகை அடித்து, தரையில் செயற்கைப் புல் போட யோசனை. 50 × 50 செ.மீ. பலகை 28 வேண்டும் என்கிறார் கடைக்காரர். வீட்டு உரிமையாளர் சுவரில் நாலு ஓட்டைக்கு மேல் சம்மதிக்க மாட்டார். சுவரின் ஒரு முனையில், தரையில் ஏ.சி. வெளிப்பெட்டி இருக்கிறது. நிறம் போகாமல் எத்தனை வருடம் தாங்கும்?

கம்பிவலை:
28 என்பது வெறும் பரப்பளவுக் கணக்கு. உங்கள் சுவர் 305 × 228 செ.மீ. வரிசையாக 6, உயரத்தில் 4 என்று 24 பலகை வைத்தால் 300 × 200 முழுசாக வந்துவிடும், ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம். மீதி 28 செ.மீ. உயரத்தை மேலும் கீழும் சும்மா விடுங்கள். கீழே 10 செ.மீ. இடைவெளி எப்படியும் வேண்டும், கழுவுகிற தண்ணீர் வெளியேற. வெளிப்பெட்டி இருக்கும் இடத்தில் கீழ்வரிசைகளைக் கட்டாமல் விட்டால் இன்னும் குறையும். அந்தப் பெட்டியை இலையால் மறைக்கவே மறைக்காதீர்கள். அது பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்றை இழுத்து, முன்பக்கம் சூடாகத் தள்ளுகிறது. வழி அடைத்தால் குளிர்ச்சி குறையும், மின்கட்டணம் ஏறும்.

கூடுதலாக 2 பலகை வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் அதே அச்சு, அதே பச்சை கிடைக்காது.

கட்டுவதற்கு: 25 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாயில் 300 × 200 சட்டம், நடுவில் நட்டுக்குத்தாக இரண்டு குழாய். குழாய்களைக் கீழே 10 செ.மீ. நீட்டி, நுனியில் ரப்பர் குமிழ் மாட்டித் தரையில் நிற்க வையுங்கள். வெளிப்பெட்டி தரையிலேயே இருப்பதால் அந்த முனைக் குழாயை மட்டும் பெட்டிக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளலாம். எடையைத் தரை தாங்கும். உங்கள் நாலு ஓட்டையும் காற்றில் சட்டம் சாயாமல் பிடிக்க மட்டும்தான். 8 மி.மீ. ஓட்டை, ராவல் பிளக் (ஓட்டைக்குள் திருகாணியை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழல்), குழாயையும் பின்னால் விடும் இடைவெளியையும் தாண்டிச் சுவருக்குள் நன்றாக இறங்கும் நீளத்தில் திருகாணி. கடல் காற்றுக்கு 304 தர ஸ்டெயின்லெஸ்கூடப் புள்ளி விழுந்து துருப்பிடிக்கும், 316 கேட்டு வாங்குங்கள். சட்டத்தின் மேல் 2 அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய கம்பிகளைப் பற்றவைத்த வலை), அதன் மேல் பலகை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்றோட்டம் விடுங்கள், இல்லாவிட்டால் மழைக்குப் பின் சுவர் காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

பலகைக்கு 5 கேபிள் டை: நாலு மூலை, நடுவில் ஒன்று. கறுப்பு டைதான். வெள்ளை நைலான் இந்த வெயிலில் சில மாதத்தில் பொட்டுப் பொட்டென்று உடையும். ஒவ்வொரு பலகையையும் பக்கத்துப் பலகைக்கு 90 டிகிரி திருப்பி மாட்டுங்கள். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது சதுரம் சதுரமாகக் கோடு தெரியும். இந்தச் சுவர் பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இலை இல்லை, அந்தக் கோடுதான்.

நிறம் பற்றி: "யு.வி. பலகை" (புற ஊதாக் கதிரைத் தாங்கும் பலகை) என்ற ஸ்டிக்கர் மட்டும் போதாது. பிளாஸ்டிக் உருகும்போதே கலந்த யு.வி. தடுப்பு வேண்டும், மேலே அடிக்கும் ஸ்பிரே இரண்டு மழைக்குப் போய்விடும். இலையில் மஞ்சள் நிறமி முதலில் போகும், அதனால்தான் மலிவான இலை நீலமாக மாறுகிறது. அடுத்து நொறுங்கித் தூளாகி வடிகாலுக்குப் போகும். எத்தனை வருடம் என்று யார் சொன்னாலும் நம்பாமல், ஒரு பலகையை மட்டும் முதலில் வாங்குங்கள். பாதியை அலுமினியத் தாளால் சுற்றி மொட்டை மாடியில் 6 வாரம் வையுங்கள். பிரித்துப் பார்த்ததும் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தக் கடையே வேண்டாம். சிவப்பு, ஊதாப் பூ சேர்ந்தது வாங்காதீர்கள், அதுதான் முதலில் வெளிறும். துணி இலையை வெளியே யோசிக்கவே வேண்டாம்.

புல்தரை:
சுவருக்குக் கம்பிவலை அண்ணன் சொன்னது சரி. புல்லை மட்டும் நான் தடுப்பேன். மேற்கு வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டும், சாயங்காலம் 4 மணிக்கு வெறுங்காலோடு நிற்க முடியாது. குழந்தை இருந்தால் இன்னும் யோசிங்க. எதிர்க் கட்டடத்தில் பிரதிபலிக்கிற கண்ணாடி இருந்தால் அந்த ஒளி ஒரே இடத்தில் குவிந்து புல்லை உருக்கியே விடும்.

போட்டே தீருவேன் என்றால்: சுருள் பெரும்பாலும் 2 மீட்டர் அகலத்தில் வரும், அதாவது 6.5 அடி. உங்களுக்கு 10 அடி நீளம் ஒரே துண்டாக எடுத்தால் ஒட்டு விழாது, 2 அடிப் பட்டை வீணாகும், பரவாயில்லை. 25 மி.மீ. உயரப் புல் பால்கனிக்குப் போதும், 40 மி.மீ. மெத்தென்று இருக்கும், ஆனால் தூசி உள்ளே போய்விட்டால் வராது. புல் சாய்ந்திருக்கும் திசை கதவைப் பார்த்து இருக்கட்டும், உள்ளிருந்து பார்த்தால் அடர்த்தியாகத் தெரியும். வெட்டுவது எப்போதும் முதுகுப் பக்கத்திலிருந்து, தையல் வரிசைக்கு நடுவில்.

கோந்து போட்டு ஒட்டாதீங்க. நாலு மூலையில் இரட்டைப் பக்க டேப் போதும். வடிகால் ஜாலிக்கு மேலே மட்டும் தனியே தூக்குகிற மாதிரி ஒரு துண்டு வெட்டி வையுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒரு தடவை சுருட்டிக் கைப்பிடியில் போட்டுக் காயவையுங்க. அதைச் செய்யாத புல்லில்தான் அந்த ஈர நாற்றம் வரும்.

ஆறாவது_மாடி:
புல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னொன்று: அலுவலக வரவேற்பறை மூலைக்கு 6 அடி செயற்கை ஃபிடில் லீஃப் (அகல இலை அத்தி வகை) மரம் வந்திருக்கிறது. கூடவே வந்தது 6 அங்குலக் கறுப்புத் தொட்டிதான். சாய்கிறது, பார்த்தாலே பொம்மை மாதிரி இருக்கிறது.

தொட்டிக்காரர்:
அந்தக் கறுப்புத் தொட்டி வெறும் அடிப்பாகம். 12 முதல் 14 அங்குல வாயுள்ள வெளித்தொட்டி வாங்குங்க. அடியில் செங்கல் துண்டு வைத்து உயரம் கூட்டி, கறுப்புத் தொட்டியின் மேல்பக்கம் வெளித்தொட்டி விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கிற மாதிரி வையுங்க. சுற்றிலும் மணல் கொட்டிக் குச்சியால் இறுக்கணும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுவதாக இருந்தால் தொட்டியின் உட்சுவரைச் சுற்றி முதலில் தெர்மோகோல் பட்டை வையுங்க. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகிக் கொஞ்சம் விரியும், பீங்கான் தொட்டி வெடிக்கும். மேலே ஓர் அங்குலம் தேங்காய் நார் அல்லது கூழாங்கல்.

பொம்மை மாதிரி தெரியக் காரணம், பெட்டியில் மடித்த கிளையை அப்படியே விட்டது. கிளைக்குள் கம்பி இருக்கிறது. உச்சிக் கிளை மேல்நோக்கி, நடுவில் இருப்பது பக்கவாட்டில், கீழே இருப்பது லேசாகத் தொங்கி. இலை எல்லாம் ஒரே கோணத்தில் பார்க்கக் கூடாது. ஐந்தாறு இலையைப் பிடுங்கிப் போட்டாலும் தப்பில்லை, மரம் என்றால் இடைவெளி இருக்கும். அடியில் நிஜமான மருள் (ஸ்நேக் பிளான்ட்) தொட்டி ஒன்று வைத்துப் பாருங்க, கண் இரண்டையும் சேர்த்து நம்பிவிடும். மருள் மங்கின வெளிச்சத்திலும் பிழைக்கும். சென்னையில் மேப்பிள், செர்ரிப் பூ மரம் வைப்பவர்களுக்கு மட்டும் எந்த யோசனையும் உதவாது.

தூசிக்கு: வாரம் ஒரு தடவை மெல்லிய பிரஷ், மாதம் ஒரு தடவை ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் மூன்று சொட்டு, மைக்ரோஃபைபர் துணியைப் பிழிந்து துடைப்பது. துணி இலை என்றால் உள்ளே ஓர் இலையில் சாயம் போகிறதா பாருங்க. முக்கி எடுக்காதீங்க, உள்ளே கம்பி துருப்பிடிக்கும். மினுமினுக்கத் தேங்காய் எண்ணெய் தடவுகிற வேலை வேண்டவே வேண்டாம், இரண்டே நாளில் தூசி பிசுக்காக ஒட்டும்.

கம்பிவலை:
விட்டுப்போனது இரண்டு. பலகை இலை பெரும்பாலும் பாலிஎத்திலீன், மெழுகு மாதிரி உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். எதுவென்று தெரிய, ஓர் இலையைத் தண்ணீரில் போட்டுக் குமிழ் போகத் தட்டுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலிஎத்திலீன், மூழ்கினால் பி.வி.சி. ஆக இருக்கலாம். கார்த்திகை அகலைச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரோடு நிறுத்துங்கள். தீபாவளி இரவு தண்ணீர் வாளி ஒன்று அங்கே இருக்கட்டும். அலுவலகத்தில் சுவர் முழுக்கக் கட்டுவதாக இருந்தால் தீத்தடுப்புச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். மாடிப்படி, வெளியேறும் வழியில் சான்றிதழ் இருந்தாலும் கட்டாதீர்கள்.

இன்னொன்று, பால்கனியில் ஓட்டையில்லாத அலங்காரத் தொட்டி எதுவும் வேண்டாம். மழை நீர் ஒரு வாரம் நின்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெருகப் போதும். அடியில் 10 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுவிடுங்கள்.