காசல்ரி நிரம்பவில்லை, நோட்டனில் மட்டும் வான் கதவு திறப்பது ஏன்?

நோர்வூட்வாசி:
நோட்டன் அணையில, அதாவது விமலசுரேந்திர நீர்த்தேக்கத்தில், ரெண்டு நாள் அடைமழை பெய்தாலே வான் கதவைத் திறக்கிறாங்க. மேலே காசல்ரி நீர்த்தேக்கத்தில் இன்னும் செம்மண் கரை தெரியுது. தண்ணியைப் பிடிச்சு வைக்க ஏலாதா? 1950இல் கட்டின அணை, பலம் குறைஞ்சிட்டுதோ என்று ஆற்றோர லயங்களில் பயப்படுறாங்க.

கெசல்கமு:
கதவு திறப்பதற்கும் அணையின் வயசுக்கும் சம்பந்தம் இல்லை. காசல்ரி ஏறத்தாழ 6 கோடி கன மீட்டர் பிடிக்கும், நோட்டன் 4 லட்சம்கூடப் பிடிக்காது. காசல்ரித் தண்ணீரில் ஓடும் விமலசுரேந்திர மின்நிலையம் 50 மெகாவாட்டும் ஓடினால் செக்கனுக்குச் சுமார் 26 கன மீட்டர் தண்ணீர் நோட்டனுக்கு வரும். நோட்டனிலிருந்து தண்ணீர் எடுக்கும் பழைய லக்ஷபான மின்நிலையம் அதை எடுக்காவிட்டால், வெறும் குளமும் நாலு மணித்தியாலத்தில் நிரம்பிவிடும். காசல்ரிக்குக் கீழே பெய்கிற மழையும் நேரே இங்கேதான் வரும், அதை மேலே ஏற்ற வழி கிடையாது.

செய்யக்கூடியது: மழை எச்சரிக்கை வந்ததும் விமலசுரேந்திரவை நிறுத்தி, பழைய லக்ஷபானவை முழுசாக ஓட்டி மட்டத்தை இறக்கி வைப்பது. வான் பாய்கிற தண்ணீர் பழைய லக்ஷபான, அதற்குக் கீழே உள்ள பொல்பிட்டிய ஆகிய இரண்டு மின்நிலையங்களையும் தவறவிடுகிறது. கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் மின்சாரத்துக்கு மேல் நட்டம். குளம் நிரம்பியிருக்கும்போது, அணைக்குக் கீழே வெயில் அடித்தாலும் அங்கே ஓயாவில் (ஆற்றில்) குளிக்கவோ துணி துவைக்கவோ இறங்க வேண்டாம்.

கான்வெட்டு:
வண்டலையும் சொல்ல வேணும். சின்னக் குளத்தில் ஒரு அடி மண் படிந்தாலே பெரிய இழப்பு. மண் எங்கிருந்து வருது? தேயிலை மீள்நடுகைக்குக் கிளறின மலை, மரக்கறித் தோட்டம், தூர்ந்த கான் (வடிகால்). கானை ஒரே ஓட்டமாக வெட்டினால் தண்ணி வேகமெடுத்து மண்ணை அள்ளிட்டுப் போகும். சில அடிக்கு ஒரு தடுப்பு விட்டு, கானின் கரையைவிடத் தாழ்வாக வைத்தால் மண் குழியில் தங்கும், தெளிந்த தண்ணி தடுப்பைத் தாண்டும். அள்ளின மண்ணைக் கானின் மேற்பக்கத்தில் போடுங்க. கீழே கொட்டினால் அடுத்த மழையில் ஓயாவுக்குத்தான் போகும்.

கசிவுமானி:
பழைய கொங்கிரீட் அணையில் கசிவு இருப்பது இயல்பு. அது எப்படி மாறுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கசிவை அளக்க வைக்கும் 90 பாகை வி வெட்டுத் தகட்டில் (V வடிவில் வெட்டிய தகடு) நீர் 5 சென்றிமீட்டர் நின்றால் செக்கனுக்கு 0.8 லீற்றர், 10 நின்றால் 4.4 லீற்றர். நீர்த்தேக்க மட்டத்தையும் பக்கத்திலேயே குறிக்காவிட்டால் அந்த அளவுக்குப் பொருள் இல்லை. மட்டம் மாறாமல் கசிவு கூடினால் விசாரிக்க வேண்டும். கசிவு குறைந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. வடிகால் துளைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கலாம். அப்போது அணையின் அடியில் மேல்நோக்கிய அழுத்தம் ஏறும். அழுத்தமானி ஏறி, கசிவு இறங்கினால் துளைகளைத் திரும்பத் துளையிட்டுக் கழுவ வேண்டும்.

நோர்வூட்வாசி:
நன்றி. அப்போ கோடையில் மவுசாக்கலையில் பழைய கோவில் வெளியே தெரிகிற நேரத்திலும் தண்ணி விடுறது ஏன்?

கெசல்கமு:
கரண்டுக்கு மட்டும் இல்லை. களனி கங்கையில் ஓட்டம் குறைந்தால் கடல் உப்பு, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை வரை ஏறி அந்தத் தண்ணீரைக் கெடுக்கலாம். அதைத் தள்ளி வைக்க காசல்ரியும் மவுசாக்கலையும்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும்.