புதுப்பிப்பு: துருவேறி இறுகிப்போன கவாத்துக் கத்தரி இப்போது வெட்டுகிறது

இரண்டு மாதம் மழையில் கிடந்து, திறக்கவே முடியாமல் துருவேறிய கவாத்துக் கத்தரியை (செடிகளின் கிளைகளை நறுக்கும் கத்தரி) என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கத்தரி பிழைத்துவிட்டது.

முதலில் இரும்பு நாரால் தேய்த்தேன். மேல்துரு போனதே தவிர மூட்டு அசையவில்லை. பதில்களில் வந்த வினிகர் யோசனைதான் கைகொடுத்தது. நடு ஆணியில் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றி, அலகுகளை மட்டும் வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்ததும் துரு சேறு மாதிரி வழிந்தது.

எதிர்பாராதது அப்புறம்தான். கழுவி, துணியால் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அரை மணியில் திரும்பினால் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு! மிச்சமிருந்த அமிலமும் ஈரமும் செய்த வேலை. மறுபடி தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசினேன். மூன்று வாரமாகியும் துரு எட்டிப்பார்க்கவில்லை.

தீட்டுவது பற்றி ஒருவர் சொன்ன எச்சரிக்கை முக்கியம்: இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகைக் கத்தரியில் சரிவான பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். தட்டையான பக்கத்தில் பிசிறை மட்டும் லேசாக எடுத்தேன். அங்கே அதிகம் தேய்த்தால் அலகுகளுக்கிடையே இடைவெளி விழுந்து, கிளை வெட்டுப்படாமல் நசுங்கும்.

இன்னொன்று, நான் துரு என்று நினைத்த கறுப்புக் கறையில் பாதி செடிப் பிசின். அது ஸ்பிரிட் தொட்ட துணியிலேயே வந்துவிட்டது.